பலகையில் ஒரு வெற்று ஆணி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆள் தலை நுழையும் அகலம். ஏழாம் எண் சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீரைப் பம்பு மேலே தள்ளும், அது இந்தக் குழாய் வழியாகப் பள்ளத்தில் கொட்டும். ராத்திரி பகல் கிடையாது, ஞாயிறு கிடையாது, ஈஸ்டர் கிடையாது. கல்யாணமாகி இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன், அந்தச் சத்தத்தில்தான் எழுந்தேன். லிதியாவும் நானும் சண்டை போட்டால்கூட அதற்கு மேலே கத்தித்தான் போட வேண்டும். என் பெண்டாட்டியின் குரல் இவ்வளவு பெரிதாய்ப் போனதற்கு அந்தக் குழாய்தான் காரணம்.

அந்தத் தண்ணீர் நிற்கக் கூடாது. பம்பு நின்றால் கீழே வெள்ளம் ஏறும். நாங்களும் எங்கள் அப்பன்களும் தோண்டிவிட்டு வந்த பழைய பொந்துகளில் கிடக்கும் வாயுவை அந்த வெள்ளம் மேலே தள்ளும். வாயு வழி தேடி வீட்டு நிலவறைகளுக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது. சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த மலைக்கு அந்தப் பக்கம் மூன்றாம் எண் சுரங்கத்தில் போன வருஷம் பம்பை நிறுத்தினார்கள். ஒருவன் உருளைக்கிழங்கு எடுக்க நிலவறையில் இறங்கித் தீக்குச்சி கிழித்தான். அவன் வீட்டுக் கூரையை அடுத்தவன் தோட்டத்திலிருந்து பொறுக்கினார்கள்.

குண்டு விழும் ஊரில் நிலவறை இல்லாமல் எங்கே போய் ஒளிவது? லிதியாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. சமையலறையில் நிலவறைக் கதவு தரையோடு இருக்கிறது. அதுவரைக்கும்தான் அவளால் நடக்க முடியும். ஆகவே எனக்கு நாடு, கொடி, மாநாடு எதுவும் முக்கியமில்லை. அந்தக் குழாயில் தண்ணீர் விழ வேண்டும். அவ்வளவுதான்.

நான் படித்தவன் இல்லை. சுரங்கத்தில் கூரைக்கு மரமுட்டுக் கொடுப்பது என் வேலை. ஆனால் திருட்டைத் திருட்டு என்று சொல்லப் படிப்பு வேண்டாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் துப்பாக்கியோடு வந்தவர்கள் மேடை போட்டு, எங்கள் கரிச்சீமை தோன்பாஸ் இனி தன் உழைப்பைத் தானே சாப்பிடும் என்றார்கள். முதலில் எங்கள் கரி சண்டை முனையைத் தாண்டி, அந்தப் பக்கம் பழைய அரசாங்கத்தின் கையிலிருந்த மின்நிலையங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. இவன் அவனைச் சுடுவான், அவன் இவனைச் சுடுவான், நடுவில் ரயில் மட்டும் பத்திரமாகப் போகும். அப்புறம் ஒருநாள் அந்தப் பக்கத்தில் தண்டவாளத்தை மறித்தார்கள், இந்தப் பக்கத்தில் ஆலைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அங்கே கொதிகலன் அணைந்தது. இங்கே கரி மழையில் கிடந்தது. பிறகு அதே கரி கிழக்கே எல்லை தாண்டிப் போய், பிறந்த ஊர் தெரியாத அனாதையாகக் கப்பலேறியது. கரியைச் சுட்டுக் கல்கரி ஆக்கும் பக்கத்து ஊர் ஆலையில் உலையை அணைத்தார்கள். அந்த உலை ஒருமுறை ஆறினால் அதோடு செத்தது. ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வாசலில் கொட்டும் கரியும் நின்றது. கரி மேல் உட்கார்ந்திருக்கிறோம், வேலிப் பலகையை உடைத்து அடுப்பெரிக்கிறோம்.

போன குளிர்காலக் கடைசியில் இளைஞர்களைப் பட்டாளத்துக்கு அள்ளினார்கள். வேலை முடிந்து கூண்டில் மேலே வந்தவனைக் கரி முகத்தோடே பஸ்ஸில் ஏற்றினார்கள். அர்ஹிப்பின் ஒரே மகன் தெமித் அப்படித்தான் போனான். அர்ஹிப் எங்கள் சுரங்கத்தின் மின்சார வேலைக்காரன், என் மகளுக்கு ஞானத்தகப்பன், என்னைவிடச் சின்னவன், அண்ணே என்றுதான் கூப்பிடுவான். கரி வெட்ட ஆளில்லை. கிழவர்களையும் பெண்களையும் வைத்துப் பம்பு மட்டும் ஓடியது. ஓய்விலிருந்த என்னையும் முட்டுகளைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். சம்பளம் வரும் வரும் என்றார்கள். பம்பு ஓடினால் போதும் என்று போனேன்.

இந்தக் கோடையில்தான் ஷூக்காரன் வந்தான். கிழக்கு எல்லைக்கு அப்பாலிருந்து அனுப்பப்பட்டவன். பெயரை யாரிடமும் சொல்லவில்லை. சுரங்க முற்றத்தில் எப்படித்தான் அந்தப் பழுப்பு ஷூவில் தூசி படாமல் நடப்பானோ, அதனால் அந்தப் பெயர். அவனுக்குப் பின்னால் எங்கள் கோவ்துன். கோவ்துன் ஒரு காலத்தில் எங்கள் ஷிப்ட் தலைவன், இப்போது இயக்குநர். நேற்றுவரை என்னிடம் ஊறுகாய் வெள்ளரி வாங்கித் தின்றவன். ஷூக்காரன் முற்றத்தில் எல்லாரையும் நிற்கவைத்து, ஏழாம் எண் லாபமில்லை, மூடப்படுகிறது என்றான். டிரான்ஸ்ஃபார்மரும் குழிக்குள் இறங்கும் செம்புக் கேபிளும் காயலான் கடைக்குப் போகின்றன. பம்பு கீழேயே கிடக்கட்டும், அதைத் தூக்கும் செலவுக்குக் கட்டாது.

தண்ணீர் என்று யாரோ கேட்டார்கள். தண்ணீர் தானாகச் சமநிலைக்கு வரும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றான் ஷூக்காரன்.

"உங்க வீட்டு நிலவறையிலயும் அந்த விஞ்ஞானிதான் தூங்கறாரா?" என்று கேட்டேன்.

சிரித்தார்கள். அவன் கோவ்துனைத் திரும்பிப் பார்த்து என் பெயரைக் கேட்டான். சவேலி என்றான் கோவ்துன்.

கேபிள் வெட்டும் ஆட்கள் வந்து முற்றத்தில் கூடாரம் போட்டார்கள். அவர்களும் மூடிப்போன சுரங்கங்களின் தொழிலாளிகள்தான், சோற்றுக்கு வந்தவர்கள். அவர்கள் எங்கள் ஊரில் அதிக நாள் தங்கப்போவதில்லை, கல்கரி ஆலை அவர்களுக்காகக் காத்திருக்கிறது என்று சுரங்க விளக்குகளைக் கொடுத்து வாங்கும் விளக்கு அறை ஸோயா சொன்னாள். ஆலையில் இங்கே இருப்பதைப்போல நூறு மடங்கு உலோகம். இங்கே இழுத்தடித்தால் அங்கே போய்விடுவார்கள், இந்தக் குளிர்காலத்துக்குப் பம்பு தப்பும். என் புத்தியில் அது ஒட்டிக்கொண்டது.

எங்கள் சுரங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. எல்லாச் சுரங்கத்திலும் உண்டு. கீழே போகிறவன் விளக்கு அறைப் பலகையில் தன் எண் அடித்த பித்தளை வில்லையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவான். பலகையில் ஓர் ஆணி வெறுமையாக இருந்தால் ஒருவன் மண்ணுக்கு அடியில் இருக்கிறான். அவன் வரும்வரை கீழே காற்று அனுப்பும் காற்றாடியும் நிற்காது, பம்பும் நிற்காது, எவனும் வீட்டுக்குப் போகமாட்டான். ராஜா சொன்னாலும் கிடையாது, கட்சி சொன்னாலும் கிடையாது. என் அப்பா காலத்தில் ஜெர்மன்காரன் வந்தபோதுகூட அந்தப் பலகையை மதித்தான் என்று சொல்வார்கள். பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயம்.

மறுநாள் காலையில் போய் ஸோயாவிடம் விளக்குக் கேட்டேன். சரிவு வழியில் இறங்கி முட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"மூடப்போற சுரங்கத்துக்கு முட்டு எதுக்கு? செத்தவனுக்குப் பல் வைக்கற மாதிரி."

"வெளிய போற வரைக்கும் கூரை தலைல விழக்கூடாதில்ல."

"உன் தலைல விழுந்தா கூரைக்குத்தான் சேதம்" என்று விளக்கைத் தந்தாள். வில்லையை நானே எடுத்தேன். ஆணி வெறுமையானது.

சரிவு வழி என்பது நடந்தே இறங்கும் பழைய சாய்குழி. மரக்கிடங்குக்குப் பின்னால் வாய். உள்ளே கொஞ்ச தூரத்தில் பழைய காற்றுவழி பிரியும், அது பள்ளத்தில் நாணல் புதருக்குள் போய் முடியும். அதைக் குடைந்தபோது முட்டுக் கொடுத்தவன் நான். அதில் தவழ்ந்து வெளியே வந்து, பள்ளத்தோடு நடந்து, பின்கதவு வழியாக வீட்டுக்குள் போனேன்.

லிதியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் பொய்யாகச் சாவதுதானா என்று கேட்டாள். நிலவறையில் போர்வை போட்டாள். ரொட்டி, உப்புப் போட்ட பன்றிக்கொழுப்பு, வெங்காயம், ஒரு ஜாடி தண்ணீர். விளக்கு வேண்டாம், வெளிச்சம் கசியும் என்றாள். அர்ஹிப்பிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று கெஞ்சினாள், சுவிட்ச் அவன் கையில்தானே இருக்கிறது என்றாள். முடியாது என்றேன். தெரியாதவன்தான் உண்மையாக மறுப்பான், தெரிந்தவன் முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடுவான். என் அனுபவத்தில் இரண்டு பேருக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தது கோவ்துனுக்குத் தெரியும்.

அப்படி என் வீட்டுத் தரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என் சாவுக்கு வந்தவர்களின் பேச்சை எல்லாம் கேட்டேன்.

முதலில் ஸோயா வந்தாள். விளக்கைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டதாகச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். முற்றத்தில் வேலை நின்றுவிட்டதாம். வெட்டும் ஆட்கள் பலகையில் வெற்று ஆணியைப் பார்த்துவிட்டு வெட்டுக்கருவியைக் கீழே வைத்துவிட்டார்களாம். மின்னோட்டம் உள்ள கேபிளைத் தொட்டால் சாவு, ஓட்டத்தை நிறுத்த அர்ஹிப்பை விட்டால் ஆளில்லை. அர்ஹிப் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறானாம். மீட்புப் படைக்குச் சொல்லி அனுப்பலாம் என்றால் அந்தப் படையையே சண்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"நல்ல மனுஷன்" என்றாள் ஸோயா, என்னைத்தான். "வாய்தான் குப்பை."

லிதியா அழுதாள். நன்றாகவே அழுதாள். அது நடிப்புத்தானா என்று கீழே உட்கார்ந்திருந்த எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்து கோவ்துன் வந்தான். அவன் பூட்ஸ் நேராக என் தலைக்கு மேலே நின்றது. உட்கார்ந்தான், பீட்ரூட் சூப் கொடுத்தால் குடித்தான், வெள்ளரி கேட்டு வாங்கித் தின்றான். சவேலி முட்டாள் இல்லை, சரிவு வழியில் வழி தவறுகிறவனும் இல்லை என்றான். குரலைக் கொஞ்சம் உயர்த்தி, ஒளிந்திருந்தால் நாசவேலைக் கேஸ் ஆகும், அதைவிடச் செத்திருப்பது குடும்பத்துக்கு நல்லது என்றான். லிதியா சூப் கிண்ணத்தை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"செத்தவன் சாப்பாட்டத் தின்னுட்டு அவன் மேலயே கேஸ் போடறியா? எந்திரிடா."

எழுந்து போனான். சந்தேகப்பட்டான், சரிதான். ஆனால் சந்தேகம் வேறு, நிச்சயம் வேறு. அந்தப் பலகை இருக்கும் இடத்தில் நிச்சயம் இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. அதுதான் அந்தப் பலகையின் அர்த்தமே.

கடைசியில் அர்ஹிப் வந்தான். வந்து உட்கார்ந்தான். அவன் உடம்பிலிருந்து கரி நாற்றம் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கியது. தான் ஒருவனே சரிவு வழியில் இறங்கிப் பம்பு அறைவரைக்கும் போய்க் கூப்பிட்டுப் பார்த்ததாகச் சொன்னான். பழைய பொந்துகளின் வாயில் நின்று கத்தினானாம், தன் குரல்தான் திரும்பி வந்ததாம். அந்தக் கூரை எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்காக அதற்குக் கீழே போயிருக்கிறான். தரைப் பலகையை முட்டித் திறந்து, டேய் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அண்ணன் கீழ இருக்கற வரைக்கும் நான் சுவிட்ச தொடமாட்டேன் அண்ணி" என்றான் அர்ஹிப். "என் தெமித் மேல சத்தியம்."

மகன் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தான். நான் என் காதால் கேட்டேன்.

அதற்கப்புறம் எனக்குப் பயம் போய்விட்டது. கூடாரத்தைப் பிரிக்கப்போகிறார்கள், ஆலைக்குப் போகப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது. கல் சுவரில் காதை வைத்துப் பள்ளத்தில் விழும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு சாயங்காலம் குண்டு விழுந்தது. லிதியா கைத்தாங்கலாக இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண் உதிர்ந்தது, ஜாடிகள் ஆடின. குண்டு நின்றதும் தண்ணீர்ச் சத்தம் மறுபடி கேட்டது. அவள் என் தோளில் தலையை வைத்து, விழுகிறது என்றாள். விழுகிறது என்றேன். அதைவிட நல்லதாக வேறெதுவும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

மறுநாள் மத்தியானம் சத்தம் மெலிந்தது. முதலில் என் காதுதான் போய்விட்டது என்று நினைத்தேன். மெலிந்து, சொட்டாகி, நின்றது.

மேலே லிதியா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் வீட்டில் அமைதி. பக்கத்துத் தெரு நாய் குரைப்பதுகூடக் கேட்டது.

மின்தடையாக இருக்கும் என்று காத்திருந்தேன். தடை என்றால் திரும்ப வரும். வரவில்லை. ஸோயா மூச்சிரைக்க ஓடி வந்து வாசலிலேயே நின்று சொன்னாள், அர்ஹிப் நிறுத்திவிட்டான், தன் கையாலேயே நிறுத்திவிட்டான் என்று.

தரைக் கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு மேலே வந்தேன். ஸோயா சிலுவை போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பேய்க்குப் பேச நேரமில்லை என்று அவளைத் தாண்டிப் போனேன். தலையில் விளக்கு, கையில் வில்லை. பள்ளம் வழியாகப் போகவில்லை. பெரிய தெருவில், பட்டப்பகலில், நடுவில் நடந்தேன். ஜன்னல் திரைகள் விலகின. எவனும் வெளியே வரவில்லை.

முற்றத்தில் டிரான்ஸ்ஃபார்மரைச் சங்கிலி கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கேபிள் துண்டு துண்டாய்க் கிடந்தது, வெட்டுவாயில் செம்பு பளபளவென்று புதுசு. பாதி வெட்டுக்காரர்கள் வேலை செய்யாமல் வேலி ஓரமாக முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பாதி வெட்டியது. ஷூக்காரன் போனில் பேசிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்தான், யாரோ ஒரு கிழவன் என்று திரும்பிக்கொண்டான். நான் கீழே இருக்கும்போதே பம்பை நிறுத்தி என்னைக் கொல்ல உத்தரவு போட்டவனுக்கு என் முகம்கூட ஞாபகமில்லை.

கோவ்துன் விளக்கு அறை வாசலில் நின்றான். "தெரியும்டா எனக்கு" என்றான். "நீ வீட்டுலதான் இருந்தேன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"உனக்குத் தெரியாது" என்றேன். "நெனச்சே. அவ்வளவுதான்."

அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அர்ஹிப் பலகைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். அவன் முகத்தில் வந்தது சந்தோஷம். உண்மையான சந்தோஷம், அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று. அதைப் பார்த்ததும்தான் எனக்கு வெறி ஏறியது. கோவ்துன் நான் வீட்டில் இருப்பதாக நினைத்துச் செய்தான், ஷூக்காரன் யாரென்றே தெரியாமல் செய்தான். இவன் நான் கீழே இருக்கிறேன் என்று நம்பிச் செய்தான்.

வில்லையை ஆணியில் மாட்டினேன். டிங் என்றது.

"மேல வந்துட்டேன்" என்றேன். "இப்ப நிறுத்து."

அவன் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தான். தெமித்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள் என்றான். சண்டை முனையிலிருந்து எடுத்துச் சுரங்கக் காவலுக்குப் போடுவதாக ஷூக்காரன் போனில் பேசிக் காட்டினானாம். போனில் தெமித் குரலையும் கேட்கவைத்தானாம். அப்பா என்றானாம்.

"சுரங்கமே இல்லாத எடத்துல எந்தச் சுரங்கத்துக்குடா காவல்?"

அதை அவன் யோசிக்கவே இல்லை என்று கண்ணில் தெரிந்தது. ஒரு மனிதன் மகன் குரலைக் கேட்டபின் வேறு எதை யோசிப்பான் என்று நீங்கள் கேட்பீர்கள். லிதியாவும் கேட்டாள். உன் மகளாக இருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்றாள். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. தெரியாது என்பதற்காக நான் மன்னிக்க வேண்டுமா?

நாசவேலைக் கேஸ் எதுவும் வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஒரு கிழவனை அடைத்து வைத்துச் சோறு போட யாருக்கும் மனசில்லை. கூடாரம் ஆலைக்குப் போனது. போகும்போது பலகையிலிருந்த வில்லைகளை ஒரு கோணிச் சாக்கில் கொட்டிக் கட்டிக்கொண்டு போனார்கள். பித்தளை.

இப்போது கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. குடியிருப்பின் கிணறுகளில் தண்ணீர் துருநிறமாகிவிட்டது, கோழிகூடக் குடிப்பதில்லை. எங்கள் நிலவறையில் பூனையை இறக்கிப் பார்த்தேன், தள்ளாடிக்கொண்டு மேலே வந்தது. கதவை அறைந்து, மேலே பலகை அடித்து, இடுக்கில் களிமண் பூசினேன். முட்டுக் கொடுக்கிறவனுக்கு அது தெரியும். அது வாயுவைத் தடுக்காது என்பதும் தெரியும்.

குண்டு விழும்போது நடைவழியில் இரண்டு சுவருக்கு நடுவே உட்கார்கிறோம். அர்ஹிப்பின் வீட்டில் ஒரு சுவர் போன மாதம் போய்விட்டது. அதனால் சத்தம் ஆரம்பித்ததும் அவன் எங்கள் கதவைத் தட்டுவான். நான் எழுந்திருப்பதில்லை. லிதியா சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறப்பாள். அவன் வந்து எதிர்ச் சுவரோரம் உட்காருவான். முழங்கால்கள் இடிக்கும் அளவுக்கு இடம் குறுகல்.

ஒவ்வொரு தடவையும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன்.

"தெமித் வந்தானா?"

லிதியா என் கையைக் கிள்ளுவாள். நிறுத்தமாட்டேன். அவன் இல்லை அண்ணே என்பான். ஒவ்வொரு தடவையும் சொல்வான், ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை. போக அவனுக்கு இடமும் இல்லை.

அப்புறம் மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்திருப்போம். கையில் சிகரெட் இருக்கும். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் தீக்குச்சி கிழிப்பதில்லை.